ராணியின் சோட்டுக்காரி

ஓணத்துக்கு மறுநாள் காலையில் என் கணவர் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துப் பின்வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவர் என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ராணி போயிருச்சு புள்ள" என்றார்.

எந்த ராணி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ராணி என்றால் ஒருத்திதான். இங்கிலாந்தில் இருந்தாள். எழுபது வருடம் ராஜ்ஜியம் செய்து, தொண்ணூற்றாறு வயதில், நாங்கள் ஓணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போன நேரத்தில் கண்ணை மூடியிருந்தாள். அவள் சாவுக்காக நான் அழ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளையும் போட்டேன். ஏனென்றால் என் அம்மா வாழ்நாள் முழுக்க ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "அவ என் சோட்டுக்காரி. அவ போனா நானும் போயிருவேன்."

சோட்டுக்காரி என்றால் ஒத்த வயதுக்காரி. அம்மாவின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறும்போது கூடவே கொண்டுவந்த சொல் அது. மூணாறு மலையில் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில்தான் அம்மா பிறந்தாள், கொழுந்து கிள்ளினாள், என்னையும் பெற்றாள். நான் கிழக்குப் பாலக்காட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து, இங்கேயே ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டேன். அப்பா போன பிறகு அம்மாவையும் அழைத்துவந்துவிட்டோம். இங்குள்ள கொங்குத் தமிழை அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டால் விஷயத்தை எப்போது சொல்வது என்று கேட்பாள். ஆனால் மருமகனை மட்டும் அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த ஓணத்தின்போது அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சியான சேதி எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மாவின் சித்தி ஒருத்தி, என் பசு போனால் நானும் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, பசு செத்த வாரமே போய்ச் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் சொன்னதைச் செய்யக்கூடியவர்கள். அதனால் நானும் கணவரும் சமையலறையில் நின்றபடியே முடிவு செய்தோம். அம்மாவைப் பொறுத்தவரை ராணி சாகவில்லை.

அம்மா எப்படி ராணிக்குச் சோட்டுக்காரி ஆனாள் என்பதைச் சொல்ல வேண்டும். மூணாறு மலையில் பழைய ஆட்களுக்கு வருடங்களை எண்ணில் சொல்லத் தெரியாது. எல்லாம் வெள்ளக் கணக்குதான். பாலங்களையும் ரயில் பாதையையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போன பெரிய வெள்ளம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பிறந்தவர்கள், பின்னால் பிறந்தவர்கள் என்று மனிதர்கள் இரண்டு வகை. அம்மா வெள்ளத்துக்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள். பேர் போடுவதற்காக, அதாவது வேலையாட்களில் ஒருத்தியாகச் சேர்ப்பதற்காக, தாத்தா அவளை வெள்ளைக்காரத் துரையிடம் அழைத்துப் போயிருக்கிறார். பள்ளிவாசலில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய வருடம் அது. துரை வயதைக் கேட்டார். வெள்ளத்துக்கு ரெண்டு வருசம் கழித்து என்றார் தாத்தா. துரை கணக்குப் போட்டுப் பார்த்து, "அட, எங்கள் இளவரசி வயது" என்று சிரித்தாராம். பேர் போட்டாயிற்று. அன்று முதல் லயத்தில், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகளில், அம்மாவுக்கு ராணி என்றே பெயர். அசல் ராணிக்கு அந்தப் பெயர் வருவதற்கே அப்புறம் பல வருடம் ஆனது.

ஒரு முறை ஒட்டிக்கொண்ட உறவை அம்மா விடவில்லை. அந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆரம்ப காலத்தில் துரை பங்களாவின் சமையல்காரர் சொல்லுவார், பிறகு ரேடியோ, அதற்குப் பிறகு தொலைக்காட்சி. பேப்பர் வந்தால் படத்தைத் தேடுவாள், நான் படித்துச் சொல்ல வேண்டும். ராணியாவதற்கே அவளுக்கு வழியில்லாமல்தான் இருந்தது என்பாள் அம்மா. "பெரியப்பன்காரன் ஒரு பொம்பளைக்காக நாற்காலிய விட்டுட்டுப் போனான். அப்பனுக்கு வந்துச்சு, அப்பனுக்குப் பெறகு இவளுக்கு வந்துச்சு." ராணியின் அப்பா இறந்தபோது அவள் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு காட்டில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அம்மாவுக்குப் பெரிய வருத்தம். தாத்தா இறந்தபோது அம்மாவும் பக்கத்தில் இல்லை, மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "போகும்போது பிள்ளையா போனா, திரும்பும்போது ராணியா வந்தா. நான் திரும்பும்போதும் கூடையோடதான் வந்தேன்" என்று அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ராணிக்கு நாலு பிள்ளைகள், அம்மாவுக்கும் நாலு. அதில் நானும் தம்பியும்தான் மிஞ்சினோம். ராணியின் பிள்ளைகள் கல்யாணம் செய்து பிரிந்தபோதெல்லாம் அம்மாவுக்குச் சாப்பாடு சரியாக இறங்காது. மருமகள் காரில் அடிபட்டு இறந்தபோது, இரண்டு பையன்களையும் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்க விட்டதற்காக ராணியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதே வருடம் ராணி கொச்சிக்கு வந்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். போலீஸ் பக்கத்திலேயே விடாது என்றேன். "சோட்டுக்காரின்னு சொன்னாக் கூடவா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது. ராணியின் செருப்பைப் பார்த்துவிட்டு, நிறைய நடக்கிறவளின் செருப்பு என்று திருப்திப்பட்டாள்.

ஒரு முறை நான், ராணிக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு என்று சொன்னேன். பிறந்தது ஏப்ரலில், ஊர் கொண்டாடுவது வெயில் நன்றாக அடிக்கும் ஜூனில். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவளுக்கும் ரெண்டா!" என்று கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

புருஷனை அடக்கம் செய்த அன்று ராணி கறுப்பு உடையில், முகக்கவசத்தோடு, சர்ச்சில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தாள். அன்றிலிருந்துதான் அந்தப் பேச்சு அதிகமானது. இனி அவளும் நானும்தான், அவள் போனால் நானும்.

சரி, மறைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். மறைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தொலைக்காட்சி ஏன் ஓடவில்லை என்று அம்மா கேட்டாள். "மழைங்க அத்தை, சிக்னல் கெடைக்கறதில்லீங்க" என்றார் கணவர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரும் தமிழ்ப் பேப்பரை நான் வாசலிலேயே வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். பேப்பர் எங்கே என்று கேட்டதற்கு, வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, பேப்பர் வண்டி அதில் மாட்டிக்கொண்டது என்றேன். கடைத்தெருவில் வெற்றிலை கொடுக்கும் ராவுத்தரிடம், தயவுசெய்து பேப்பரில் மட்டும் சுற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஊரில் எந்தப் பேப்பரைக் கிழித்தாலும் ராணியின் முகம்தான் வந்தது.

"அதுக்கென்ன டீச்சர், நான் வாழையிலையிலயே கட்டித் தர்றேன்" என்றார் அவர். "நம்ம அம்மா நல்லா இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கத் துக்கம் அனுசரித்தார்கள். எதிரே இருக்கும் அரசு அலுவலகத்தில் கொடி பாதிக் கம்பத்தில் பறந்தது. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"கொடி ஏன் மாப்பிள்ளை பாதியில நிக்கி?"

"கயிறு சிக்கிக்கிச்சாட்டம் இருக்குதுங்க அத்தை. நாளைக்கு ஆளு வந்து சரி பண்ணிருவாங்க."

இப்படி ஒரு பொய் வாயில் இவ்வளவு சுலபமாக வரும் மனிதரோடா இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன் என்று எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. இத்தனை வருடம் அம்மா ராணி ராணி என்றபோது நான் காது கொடுக்காமல் பேப்பரைப் படித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது அவளுக்குத் தெரியாமல் கைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், ராணியின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் அம்மா தவறிப்போய் ஏதாவது கேட்டால் சமாளிக்கத்தான். பிறகு நிறுத்த முடியவில்லை. சண்டைக் காலத்தில் அந்தப் பெண் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டவும், அதைப் பழுது பார்க்கவும் கற்றிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை, வாத்தியார்கள்தான் வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை பிரதமர்களை வாரா வாரம் உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள், என்ன பேசினாள் என்று வெளியே ஒரு வார்த்தை வந்ததில்லை. ஒரு மனுஷி தன் மனதில் இருப்பதை எழுபது வருடம் யாரிடமும் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே என்னடி செய்கிறாய் என்று அம்மா கேட்கும் வரை படித்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம், அடக்கம் நடக்க இருந்த திங்கட்கிழமை வந்தது. இன்றோடு இந்தப் பேச்சு ஓய்ந்துவிடும், நாளை ஒயரை மாட்டிவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் எதற்குத் தலை முழுக வேண்டும் என்றேன். "ஊத்துன்னா ஊத்து" என்றாள். குளித்ததும் பெட்டியிலிருந்து புடவை எடுக்கச் சொன்னாள். நான் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அடியில் மடிப்புக் கலையாமல் இருந்த வெள்ளைப் புடவையைக் காட்டினாள். சோறு வேண்டாம் என்றாள். திருநீறு பூசிக்கொண்டாள்.

பசுவோடு போன அந்தச் சித்தியும் அன்று தலைக்குக் குளித்திருந்தாள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கணவரைத் தோப்பிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தம்பிக்குப் போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். கணவர் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க அத்தை, ஒடம்புக்கு என்னங்க பண்ணுது?"

அம்மா கூடத்தில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணும் பண்ணல மாப்பிள்ளை. அந்த ஒயரை எடுத்துச் சொருகுங்க. அடக்கத்தையாவது பாத்துக்கிடுதேன்."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க பொட்டிய அமத்துன அன்னைக்கே தெரியும். பத்து நாளாவா ஏட்டி வாளையார்ல லாரி நிக்கும்? வெத்தலை வாழையிலையில வருது. இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து அந்த ராவுத்தரு எனக்கு வாழையிலையில கட்டித் தந்திருக்காரா? நீங்க எதுவரைக்கும் போறீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கணவர் ஒயரைச் சொருகினார். பெரிய சர்ச் வந்தது. சவப்பெட்டி வந்தது. பெட்டியின் மேல் கிரீடம் இருந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "செத்த பெறகும் அந்தப் பாரத்த எறக்க மாட்டாக போலிருக்கே" என்றாள்.

எனக்கு எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து மடியைப் பிடித்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற டீச்சர், அறுபதைத் தாண்டியவள் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

"நீ போயிராதம்மா" என்றேன். "அவ போனா போறா. நீ போகாத."

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள்.

"நான் எதுக்குட்டி இப்பப் போகணும்? அவ வயசு எனக்கு எங்க இருக்கு?"

கணவர் திரும்பிப் பார்த்தார். தொலைக்காட்சியில் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பேர் போட்டது எங்கம்மா செத்த வருசம்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "லயத்துல வீடு நிக்கணும்னா ரெண்டு ஆளு வேலைக்கு எறங்கணும், இல்லைன்னா காலி பண்ணுன்னு கங்காணி சொல்லிட்டாரு. எங்கப்பா ஒருத்தருதான். சின்னப் பிள்ளையாப் பேர் போட்டா ஆளாச் சேத்துக்கிட மாட்டாக. வெள்ளத்துக்கு ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்தவன்னு சொல்லுன்னு கங்காணிதான் சொல்லிக் குடுத்தாரு. எங்கம்மா சேலையச் சுத்தி என்னைய மேட்டுல நிப்பாட்டுனாக, ஒசரமாத் தெரியணும்னு."

"அப்ப உனக்கு நிஜமா எத்தனை வயசு?"

"யாரு கண்டா? கோரப்பல்லு ஒண்ணு விழுந்து மொளைக்காம இருந்துச்சு. அதைப் பாத்தா துரைக்குத் தெரிஞ்சு போகும், வாயத் தொறந்துராதன்னு எங்கப்பா சொல்லியிருந்தாக. துரை எங்க இளவரசி வயசுன்னு சிரிச்சாரா, எனக்கும் சிரிப்புப் பொத்துக்கிட்டு வருது. அமத்திக்கிட்டே நின்னேன்."

கோரைப்பல் விழுந்து முளைக்கும் வயது. பள்ளிக்கூடத்தில் அந்த வயதுப் பிள்ளைகளை வருடா வருடம் என் முன்னால் உட்காரவைத்தவள் நான். ஒன்பது, மிஞ்சிப்போனால் பத்து. துரையின் கணக்கில் பதினாலு. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. பத்து நாள் நான் தூங்கியிருக்கவில்லை. அப்புறம் ஏன் காலமெல்லாம் சோட்டுக்காரி, கூடவே போவேன் என்று எங்களைக் கலங்கடித்தாய் என்று கேட்டேன்.

"தெரிஞ்சா பேரை அடிச்சிருவாகன்னு பயம். கேக்கிறவுககிட்டயெல்லாம் ராணி வயசு, ராணி வயசுன்னு சொல்லிச் சொல்லி அதுவே வாயில நின்னுபோச்சு. ஊருக்குத்தான் அது பொய்யி. எனக்கு அவ மேல வந்த பாசம் பொய்யில்லையே. தாய் இல்லாத பிள்ளைக்குச் சோட்டுக்காரின்னு ஒருத்தி வேண்டாமா?"

"அத்தை, நீங்க பெரிய ஆளுங்க" என்றார் கணவர்.

"நீங்க மட்டும் என்ன மாப்பிள்ளை? கொடிக்கயிறு சிக்கிக்கிச்சுன்னு சொன்னீகளே" என்று அம்மா பதிலுக்குக் கொடுத்தாள்.

ஊர்வலம் தெருவில் இறங்கியது. குதிரைப்படை போனது. ராணியின் பிள்ளைகள் தலை குனிந்து வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அம்மா கொஞ்சம் கஞ்சி கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீதான் கக்கூஸ்ல உக்காந்து அவ கதையப் படிச்சியே. நான் பேர் போட்ட வருசம் அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா?"

அது எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். அந்த வருடம் அவளுக்குப் பதினாலு வயது. ஊரில் சண்டை நடந்தது, குண்டுக்குப் பயந்து பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அவள் ரேடியோவில் பேசினாள். அதுதான் அவள் முதன்முதலில் ஊருக்குப் பேசியது. பாசமானவர்களை விட்டுத் தள்ளி இருப்பது எப்படி இருக்கும் என்று தனக்கும் தெரியும் என்று சொன்னாள்.

"பெரியவுக யாரும் பேசலையா? இவளை எதுக்குப் பேச வச்சாக?"

"அவளும் பிள்ளைதானம்மா அப்ப. பிள்ளைக்குப் பிள்ளை சொன்னாக் கேக்கும்னு இருக்கும்."

அம்மா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"பதினாலு வயசுக்காரியே பிள்ளைன்னா," என்று என்னிடம் கேட்டாள், "அப்ப நான் யாருட்டி?"